வரித்தலை வாத்துகளின் சம்மதம்

சேந்தன்குறிச்சிப் பெரியகுளத்தில் படகு விடலாமா கூடாதா என்று அங்கே குடியிருக்கும் பறவைகளிடமே கேட்டுவிட வேண்டும் எனச் சட்டம் வந்தபோது, ஊரிலேயே அதிகமாகச் சிரித்தவர் பிரமநாயகம்தான். படகோட்டிகள் சங்கத்தின் தலைவர் அவர். சங்கத்தில் படகுகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் எதுவும் தண்ணீரைத் தொட்டது கிடையாது. வனத்துறை தடை போட்டிருந்ததால் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அன்னப்பறவை வடிவத்தில் ஆசையாகச் செய்த மிதிபடகுக்குள் ஒரு நாய் குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் வளர்ந்து அதே படகில் குட்டி போட்டாயிற்று.

பிரமநாயகத்துக்கு நீச்சல் தெரியாது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலே வேட்டியைத் தலைக்கு மேல் தூக்கிவிடுவார். இருந்தாலும் படகு என்றால் உயிர். "இந்த ஊர்க்காரன் பூரா குளத்தைக் கரையில நின்னு பாத்துட்டே செத்துப் போறான். ஒரு தடவையாவது நடுவுல உக்காந்து கரையப் பாக்கணும்லா" என்பார்.

அவருக்கு எதிர்த்தரப்பு ரஹ்மத் நிஷா, வனச்சரக அலுவலர். மேலப்பாளையத்துக்காரி. தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளத்தங்கரையையே சுற்றிவருகிறவள். வெளிநாட்டிலிருந்து வரும் பறவைகளைச் சொந்தக்காரர்கள் மாதிரி அடையாளம் தெரியும் அவளுக்கு. இரண்டு பேரும் வாரம் ஒருமுறை சண்டை போடுவார்கள். சண்டை முடிந்ததும் பிரமநாயகம் டீ வாங்கிக்கொடுப்பார். அவள் குடித்துவிட்டுத் தடையை நீட்டிப்பாள்.

"சட்டம் நல்ல சட்டம்தான் அண்ணாச்சி. பறவைய கேட்டா வேண்டாம்னுதான் சொல்லும். அதோட உங்க படகையெல்லாம் வெறகுக்குப் போட்டுரலாம்" என்றாள் ரஹ்மத் நிஷா.

"ஃபைபர் மேடம், எரியாது" என்றார் பிரமநாயகம்.

கேட்பதற்கான கருவியோடு சென்னையிலிருந்து எட்வின் என்று ஓர் இன்ஜினியர் வந்தான். தண்ணீர்க் கேன் அளவில் ஒரு பெட்டி. அதற்கான மைக்குகளும் ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே மிதவைகளில் குளமெங்கும் மிதந்துகொண்டிருந்தன. பிரமநாயகம் பெட்டியைச் சுற்றிவந்து தட்டிப்பார்த்தார்.

"தம்பி, இதுக்கு எப்படிப் புரியுது?"

"குழந்தைக்கு எப்படி சார் தமிழ் புரியுது? கேட்டுக் கேட்டுத்தானே. மிதவையெல்லாம் போன வருஷமே போட்டாச்சு. எந்தச் சத்தம் கேட்டா எந்தப் பறவை என்ன பண்ணுதுன்னு பாத்துப் பாத்து, அதுக்கு நேரான தமிழ்ப் பேச்சைப் புடிச்சு வச்சிருக்கு. நாம பேசினா, அதை அதுங்க சத்தமா மாத்திக் குளத்துல சொல்லும்."

"தமிழ்னா எந்தத் தமிழு?"

எட்வின் கொஞ்சம் நெளிந்தான். "அதுக்கும் இங்கதான் மைக் வச்சோம் சார். உங்க டீக்கடையில."

அதனால்தான் கருத்துக்கேட்பு நாளன்று சேந்தன்குறிச்சிக் குளத்துப் பறவைகள் அத்தனையும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களைப் போலப் பேசின.

ஊரே கரையில் திரண்டு நின்றது. முதலில் நாமக்கோழிகளைக் கேட்டார்கள். "அவன் என் எடத்துல நிக்கான்" என்றது ஒன்று. "நீதாம்ல என் எடத்துல நிக்க" என்றது பக்கத்தில் இருந்தது. கடைசிவரை அதைத் தவிர வேறு பேச்சே அவற்றிடமிருந்து வரவில்லை. முக்குளிப்பான் "அதாவது..." என்று ஆரம்பித்துத் தண்ணீருக்குள் போனது. எங்கே எழும்பும் என்று எல்லாரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள், எழும்பவே இல்லை. கூழைக்கடா ஒன்று பை போன்ற அலகை ஆட்டிக்கொண்டு, "படகுன்னா என்னது? அது முங்குமா?" என்று கேட்டது.

"முங்காது" என்றார் பிரமநாயகம், மைக்கில்.

"முங்காததுக்குத் தண்ணியில என்ன சோலி?"

அதற்குள் நீர்க்காகம் ஒன்று அன்னப்படகின் தலையில் வந்து உட்கார்ந்து, "இவன் யாரு? எம்புட்டு நேரமாக் கூப்பிடுதேன், பேசவே மாட்டேங்கான். பெரிய இவனோ?" என்று புகார் சொன்னது. மேற்குக் கரைக் கருவேல மரங்களில் கூடு கட்டியிருந்த நாரைகள் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னன: "முட்டை வச்சிருக்க எடத்துல வந்து கத்தாதிய. அம்புட்டுத்தான்."

கடைசியாக வரித்தலை வாத்துகள். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட இந்த வாத்துகள் மங்கோலியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறவை. ஐப்பசியில் வந்து பங்குனியில் திரும்பும். ரஹ்மத் நிஷா எல்லா நம்பிக்கையையும் இவற்றின் மேல்தான் வைத்திருந்தாள். கூட்டத்துக்குத் தலைவி ஒரு பெட்டை வாத்து. காலில் பச்சை வளையம் போட்டிருந்ததால் அதற்குப் பச்சைக்கால் என்று பெயர். அது நிதானமாகக் கரையேறி வந்து எல்லாரையும் பார்த்தது.

"படகு விட்டுட்டுப் போங்க" என்றது. "உங்க குளம். நாங்க வந்து போறவிய. எங்கள என்னத்துக்குக் கேட்டுக்கிட்டு?"

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சம்மதம்! படகோட்டிகள் துண்டை வீசிக் குதித்தார்கள். ரஹ்மத் நிஷா தொலைநோக்கியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் டீ குடிக்கவில்லை.

மேற்குப் பக்கம் போகாமல், கிழக்குப் பாதியில் மட்டும் படகுகள் இறங்கின. அன்னப்படகிலிருந்து நாய்க் குடும்பத்தைத் தாஜா பண்ணி வெளியேற்றினார்கள். உயிர்காப்புச் சட்டை இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பிரமநாயகம் முதல் ஆளாக ஏறினார். நடுக்குளத்துக்குப் போகிறவரை கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது, ஊர் சின்னதாக, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி கரையில் அடுக்கியிருந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்தவன் பயத்தில் அழுகிறார் என்று நினைத்துப் படகைத் திருப்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நெரிந்தது. வந்தவர்கள் வாத்துக்கு எதையாவது போட ஆசைப்பட்டார்கள். பிரமநாயகம் டிக்கெட் அறையில் பொரிப் பொட்டலம் தொங்கவிட்டார்.

"பொரி போடக் கூடாது அண்ணாச்சி. அதுங்க வயல்ல மேய்ஞ்சு திங்குத சாதி" என்றாள் ரஹ்மத் நிஷா.

"அதையும் கேட்டுப்புடுவோம். சட்டம் இருக்குல்லா" என்று சொல்லி அவர் பெட்டி வழியாகப் பச்சைக்காலைக் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றது பச்சைக்கால்.

"சிரமம் என்ன சிரமம்! சும்மா தின்னுங்க."

"சரி... கொஞ்சமாப் போடுங்க."

மறுபடியும் பச்சை விளக்கு. அப்புறம் கேட்க வேண்டுமா? பொரி, பொட்டுக்கடலை, காராச்சேவு, பிறந்தநாள் கேக் என்று சனங்கள் படகிலிருந்து வாரி இறைத்தார்கள். எட்வின் வாராவாரம் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, "சார், வாத்துங்க ரொம்ப திருப்தியா இருக்கு. 'போதும் போதும்'ங்கிற வார்த்தை தினம் கூடிக்கிட்டே போகுது. அவ்வளவு நிறைவு!" என்பான். பிரமநாயகம் பெருமையோடு மீசையைத் தடவிக்கொள்வார்.

மாசி முடிவதற்குள் வாத்துகள் தலையணை மாதிரி ஆகிவிட்டன. பறக்க நினைத்தால் தண்ணீரின் மேல் தடதடவென்று ஓடி, தொப்பென்று விழுந்து, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்க்கும். படகில் இருந்தவர்கள் கைதட்டுவார்கள். கைதட்டாதவள் ரஹ்மத் நிஷா ஒருத்திதான்.

பங்குனி வந்தது. மற்ற குளங்களிலிருந்த வரித்தலை வாத்துகள் எல்லாம் வானத்தில் கோடு போட்டுக்கொண்டு வடக்கே போய்விட்டன. சேந்தன்குறிச்சி வாத்துகள் மட்டும் போகவில்லை.

"எப்போ போறிய?" என்று ரஹ்மத் நிஷா பெட்டியில் கேட்டாள்.

"போகணும், போகணும்" என்றது பச்சைக்கால்.

"எப்போன்னு கேக்கேன்."

"பாப்போம்."

அவள் டிக்கெட் அறைக்கு வந்து பிரமநாயகத்தின் எதிரில் உட்கார்ந்தாள். அன்றைக்குச் சண்டை போடவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"அண்ணாச்சி, இது பனியில வாழ்ந்த உடம்பு. நம்மூரு அக்கினி வெயில் இதுங்களுக்குத் தாங்காது. சித்திரைக்குள்ள போகலன்னா ஒண்ணொண்ணா விழ ஆரம்பிக்கும். அங்க போனாத்தான் முட்டையும் வைக்கும்."

"பொரியினாலயா மேடம்?"

அவள் தொங்கிக்கொண்டிருந்த பொட்டலங்களைப் பார்த்தாள். பிரமநாயகம் அப்போதே எழுந்து பொரிப் பொட்டலங்களை அறுத்தெடுத்தார். படகுகளைக் கரையேற்றச் சொன்னார். சங்கத்தில் ஒரே கூச்சல். "சட்டப்படி சம்மதம் இருக்கு தலைவரே!" என்றார்கள். "சம்மதம் இருக்குல, வாத்து இருக்கணும்லா!" என்று அவரும் கத்தினார். அன்னப்படகு கரையேறிய கையோடு நாய்க் குடும்பம் திரும்பிவந்து குடியேறியது.

பொரி நின்றதும் வாத்துகள் வயலுக்கு மேயப்போயின. உடம்பு வற்றியது. சித்திரை பிறக்கையில் நன்றாகவே பறந்தன. காலையில் எழும்பி ஊரை ஒரு சுற்றுச் சுற்றும். எல்லாரும் "போகுது, போகுது" என்று ஓடிவந்து பார்ப்பார்கள். அவை நேராகப் படகுத்துறையில் இறங்கி, டிக்கெட் அறை வாசலில் வரிசையாக வந்து நிற்கும். நின்று பார்த்துவிட்டு, மறுபடி தண்ணீருக்குள் போய்விடும்.

ஒரு மத்தியானம் இளவாத்து ஒன்று வெயிலில் சுருண்டு விழுந்தது. பிரமநாயகம் அதைத் துண்டில் சுற்றி அள்ளிக்கொண்டு ஓடிவந்து, டிக்கெட் அறையின் ஏர்கூலருக்கு முன்னால் கிடத்தினார். ஏர்கூலர் போதாதென்று அட்டையால் விசிறினார். ரஹ்மத் நிஷா அதன் அலகில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். எட்வின் பெட்டியைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தான். பச்சைக்கால் பின்னாலேயே நடந்து வந்து வாசற்படியில் நின்றது. உள்ளே கூப்பிட்டால்தான் வருவேன் என்பதுபோல.

"உள்ள வா தாயி" என்றார் பிரமநாயகம். வந்தது.

இளவாத்து மெதுவாகக் கழுத்தைத் தூக்கிற்று. அவருக்கு மூச்சு வந்தது. கைக்காரியம் இல்லாமல் போனதும், மேஜையடியில் மிச்சமிருந்த பொரியை ஒரு பிடி எடுத்துப் பச்சைக்காலிடம் நீட்டினார். பழக்க தோஷம். அது அவர் முகத்தைப் பார்த்தது. பொரியைப் பார்த்தது. பிறகு அலகால் ஒன்றே ஒன்றை எடுத்து, கண்ணை மூடி விழுங்கியது.

அந்த முழுங்கலைப் பிரமநாயகத்துக்குத் தெரியும். மைத்துனர் வீட்டு ரவை உப்புமாவை அவர் முழுங்குவது அப்படித்தான்.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தாயி, நிசத்தச் சொல்லு. உனக்குப் பொரி பிடிக்குமா?"

பெட்டி சும்மா இருந்தது. எட்வின் அதைத் தட்டினான்.

"நீங்க வருத்தப்படக் கூடாது" என்றது பச்சைக்கால்.

"படமாட்டேன்."

"தொண்டையில ஒட்டும். பிள்ளையளுக்கு வயிறு ஊதிப்போச்சு. அந்தச் செவப்பா, நீளமா ஒண்ணு போடுவியளே..."

"காராச்சேவு."

"அதத் தின்னுட்டு எங்க வீட்டுக்காரரு ஒரு நாளு முழுக்கத் தண்ணிக்குள்ள தலைய வச்சுக்கிட்டே இருந்தாரு."

"பெறகு என்னத்துக்குத் தின்னிய?"

"போட்டுட்டு எங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்திய. எப்படித் திங்காம இருக்க? போதும் போதும்னுதான் சொன்னோம். போதும்னு சொல்லச் சொல்லத்தான் அதிகமாப் போட்டிய."

பிரமநாயகம் எட்வினைப் பார்த்தார். எட்வின் தரையைப் பார்த்தான். "அது... நிறைவுன்னு எடுத்துக்கிச்சு சார்" என்றான். "வார்த்தையைத்தான் அதுக்குப் பிடிக்கத் தெரியும். சொல்ற இழுவையைப் பிடிக்கத் தெரியாது."

"படகு?" என்று கேட்டார் பிரமநாயகம்.

"ஆசையா வாங்கி வச்சிருக்கிய. வேண்டாம்னு சொன்னா மனசு வாடிரும்லா."

"நான்தான் அப்பவே சொன்னேன்லா..." என்று ரஹ்மத் நிஷா தொடங்கினாள்.

"இந்த அம்மாவும்தான்" என்றது பச்சைக்கால். "நாங்க குளிக்குத எடத்தையெல்லாம் கண்ணாடி வச்சுப் பாக்காவ. சொல்லக் கூடாதுன்னு இருந்தோம்."

ரஹ்மத் நிஷா தொலைநோக்கியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"சரி தாயி" என்றார் பிரமநாயகம். "இம்புட்டுக் கஷ்டம் இருக்கு. பறக்கவும் முடியுது. பெறகு ஏன் போகல?"

பச்சைக்கால் அவரை ஆச்சரியமாகப் பார்த்தது. "யாரும் போயிட்டு வாங்கன்னு சொல்லலியே. முந்தியெல்லாம் நாங்களா வந்தோம், மேய்ஞ்சோம், நாங்களாப் போனோம். இந்த வருசம் உங்க கையால தின்னாச்சு. தினமும் வந்து வாசல்ல நிக்கோம். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய. சொல்லாமக் கொள்ளாம எப்படிக் கெளம்ப?"

பிரமநாயகம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சங்கத்துக்காரர்கள் எல்லாரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு படகுத்துறையில் நின்றார்கள். பெட்டியை முன்னால் வைத்து, பிரமநாயகம் மைக்கில் பொதுவாக ஒரு "போயிட்டு வாங்க" சொன்னார். அது செல்லுபடியாகவில்லை. ஒவ்வொரு வாத்தும் தனித்தனியாக வந்து நின்றது.

"போயிட்டு வாங்க."

"வாரோம்."

"பாத்துப் போங்க."

"நீங்களும் உடம்பப் பாத்துக்கிடுங்க."

கிளம்பிய வாத்து ஒன்று பாதி வானத்திலிருந்து திரும்பி இறங்கியது. எல்லாருக்கும் பதறிப்போயிற்று. மேடத்திடம் சொல்ல மறந்துவிட்டதாம். ரஹ்மத் நிஷா அதற்குத் தனியாகக் கைகூப்பினாள். நாமக்கோழிகள் இது என்ன வரிசை என்று தெரியாமலே இடையில் புகுந்து, "அவன் என் எடத்துல நிக்கான்" என்று சண்டை போட்டன. அவற்றுக்கும் போயிட்டு வாங்க சொல்லி அனுப்பினார்கள். அவை ரெண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டன. வெயில் ஏற ஏற பிரமநாயகத்தின் தொண்டை வறண்டது. மனைவி செண்பகவடிவு சோடா கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவள் சும்மா வரவில்லை. சுமங்கலி கிளம்புகிறாள், வெறுங்கையோடு அனுப்பலாமா என்று ஒரு தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமும் எடுத்துவந்து பச்சைக்கால் முன்னால் நீட்டினாள்.

பச்சைக்கால் செண்பகவடிவின் முகத்தைப் பார்த்தது. வெற்றிலையைப் பார்த்தது. மெதுவாக அலகைத் திறந்தது.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு தாயி!" என்று பிரமநாயகம் பதறினார். "யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்!"

அலகு அப்படியே நின்றது. வாத்து எதையோ பெரிதாக யோசிப்பது மாதிரி இருந்தது.

"வேண்டாம்" என்றது.

செண்பகவடிவின் முகம் லேசாக வாடத்தான் செய்தது. ஆனால் உலகம் இடிந்து விழவில்லை. பச்சைக்கால் அதை நம்பமுடியாமல் சுற்றிலும் பார்த்தது. "வேண்டாம்" என்று இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தது. ரஹ்மத் நிஷா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப நாங்க வாரோம் அண்ணாச்சி" என்றது பச்சைக்கால். "நீங்களும் ஒரு தடவை எங்க ஊருக்கு வரணும்."

"கண்டிப்பா வாரேன்" என்றார் பிரமநாயகம்.

"குடும்பத்தோட."

"பெறகு? குடும்பத்தோடத்தான்."

இளவாத்து முதலில் எழும்பியது. கூட்டம் அதன் பின்னால் எழுந்து, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கோடாகி, வடக்கே சின்னதாகி மறைந்தது.

படகு விஷயத்தை மறுபடி முதலிலிருந்து கேட்டார்கள். இந்தத் தடவை ஒரே கேள்வியை வேறு வேறு நாளில், கையில் தின்பண்டம் இல்லாமல், "வேண்டாம்னு சொன்னா ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்று சேர்த்துக் கேட்டார்கள். முடிவு இப்படி வந்தது: விருந்தாளிப் பறவைகள் ஊருக்குப் போயிருக்கும் மாதங்களில் கிழக்குப் பாதியில் படகு விடலாம். ஐப்பசி பிறந்தால் கரையேற்றிவிட வேண்டும். யாரும் எதையும் தின்னப் போடக் கூடாது. பிரமநாயகம் ஒத்துக்கொண்டார். ரஹ்மத் நிஷாவும் ஒருநாள் படகில் ஏறி, நடுக்குளத்திலிருந்து கரையைப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

ஐப்பசியில் முதல் மழை பெய்து விட்டிருந்த காலை, வடக்கிலிருந்து கோடு தெரிந்தது. பிரமநாயகம் செருப்புப் போட மறந்து படகுத்துறைக்கு ஓடினார். எட்வின் பெட்டியைப் போட்டான். கூட்டம் தண்ணீரில் இறங்கியது. போனதைவிட அதிகமாக வந்திருந்தன, பாதிக்குமேல் புதுக் குஞ்சுகள். பச்சைக்கால் தனியாகக் கரையேறி அவர் முன்னால் வந்து நின்றது.

"வாங்க வாங்க! எல்லாரும் சொகமா? பிரயாணம் எப்படி?"

பச்சைக்கால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டது.

"என்ன தாயி, கோவமா? இப்ப ஒருத்தரும் பொரி போடுததில்ல. படகும் கரையில கெடக்கு பாரு."

"நீங்க வரலியே" என்றது பச்சைக்கால்.

"எங்க?"

"கண்டிப்பா வாரேன்னு சொன்னியளே. குடும்பத்தோடன்னு சொன்னிய. ஆனி, ஆடி முழுக்கத் தெக்காலயே பாத்துக்கிட்டு இருந்தோம். ஏரிக்கரையில ஒரு ஓரமா நல்ல புல்லாப் பாத்து, உங்களுக்குன்னு மேயாம வச்சிருந்தோம். பிள்ளையளக்கூட அந்தப் பக்கம் விடல."

பிரமநாயகம் தலையைச் சொறிந்தார். வருகிறேன் என்று யார் வீட்டில் சொல்லவில்லை அவர்? ரஹ்மத் நிஷா அவரைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்தாள்.

"பரவால்ல. வேலை இருந்திருக்கும்" என்று அதுவாகவே சொல்லிக்கொண்டு, பச்சைக்கால் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கியது.

பிரமநாயகம் வெறுங்காலோடு ரொம்ப நேரம் ஈரத்தில் நின்றார். பிறகு எட்வின் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல் கேட்டார்:

"தம்பி, மங்கோலியாவுல குளிரு நெறைய இருக்குமோ?"